முதலாளி வீட்டுப் படத்தில் என் அப்பா

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பாலாற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில், ஆம்பூரில் நடந்தது இது. நான் தோல் பதனிடும் மண்டியில், ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளில் வேலை செய்கிறவன். நாலாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எதற்கும் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன்.

எங்கள் முதலாளி வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய வர்ணப் படம் இருந்தது. அவருடைய தகப்பனார் குடும்பத்தோடு தோட்டத்தில் உட்கார்ந்திருப்பதை, அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போகும் ஓவியர் ஒருவர் எழுதியது. நாற்காலிக்குப் பின்னால் பட்டுக்குடை பிடித்து நிற்பவர் என் அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் வாந்திபேதியில் போய்விட்டார். படத்தில் இருப்பது அவர்தான் என்று அம்மா காட்டியதால் தெரியும். அவர் முகம் வேறெங்கும் இல்லை. வருஷா வருஷம் அவருக்குப் படையல் போடும்போது, ஒரு வேட்டியை மடித்து வைத்து அதற்குத்தான் மாலை போடுவோம்.

முதலாளி சென்னைக்குக் குடிபோகத் தீர்மானித்தார். படம் அவரோடு போகும். இங்கேயே இருக்கும் தம்பிக்கு அதைப் பார்த்து இன்னொன்று எழுத வேண்டும் என்று ஏற்பாடு. வேலூரிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். படத்தை இறக்க மண்டியிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். தேக்குச் சட்டத்தின் ஒரு மூலையை நான் தாங்கிக்கொண்டிருக்கும்போதே முதலாளி ஓவியரிடம், “புதுசுல அந்தக் குடைக்காரன் வேணாம்யா. எடத்தை அடைக்கிறான்” என்றார்.

“வுட்டுட்டா போச்சு” என்றார் ஓவியர்.

ஒரு படம் ஊரை விட்டுப் போகிறது. இன்னொன்றில் அப்பா இருக்கப்போவதில்லை. வெளிச்சம் நன்றாக விழும் வண்டிக் கொட்டகையில் படத்தைச் சாய்த்து வைத்ததும் மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். என் கால் நகரவில்லை.

“இன்னாடா, இன்னும் நிக்கிற?” என்றார் முதலாளி.

“அது எங்க நைனாங்க” என்றேன். அப்பாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். “அவரை மட்டும் எனக்கு எழுதிக்க உத்தரவு குடுக்கணும்.”

முதலாளி ஓவியரைப் பார்த்துச் சிரித்தார். “இவனுக்கு வாய் இருக்குதுன்னே இன்னிக்குத்தான்யா தெரியுது!” பிறகு என்னிடம், “படம் வண்டி ஏறுறதுக்குள்ள முடிச்சுக்கோ. அப்புறம் வந்து பேஜார் பண்ணாதே” என்றார்.

தம்பிக்கான படம் முடிந்ததும் ஓவியர் ஒரு சின்னத் துணியில் அப்பாவை எழுதத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போய்விடுவேன். மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூழ் கொண்டுவருவாள்.

முகம் அச்சாக வந்தது. ஆனால் முதலாளியின் தகப்பனாரும் நாற்காலியும் குடையும் இல்லாமல் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. எஜமான் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணை எப்படித் தூக்குவார்? படத்தில் அப்பா தலையைக் குனிந்து, கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொலைஞ்ச சுருக்குப்பையைத் தேடுற மாதிரி நிக்கிறாரே உங்க நைனா!” என்றாள் மனைவி.

ஓவியரும் சிரித்துவிட்டார். “அது ஒண்ணும் இல்லம்மா. நிமிந்து பாக்குற மாதிரி கண்ணை மாத்திட்றேன்.”

“வேணாங்க” என்றேன்.

“இன்னாய்யா வேணாம்? செத்தவங்களை நாற்காலியில உக்கார வெச்சு போட்டோ புடிச்சுனு வர்றாங்க. எத்தினி பேருக்கு நான் கண்ணைத் தொறந்து வுட்டிருக்கேன் தெரியுமா? ஒருத்தரும் குத்தம் சொன்னதில்லை.”

“மூஞ்சில கை வெக்காதீங்க. அவர் கண்ணு எப்படி இருந்துச்சுன்னு சொல்ல இப்ப எங்கம்மாவும் இல்ல. மாத்தினா அது வேற யாரோ.”

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். “அப்ப இப்படியே தரையைப் பாத்துனு நிக்கட்டுமா? சாமி கும்புடுறப்போ தெனமும் இதைத்தான் பாக்கப் போறியா?”

எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் குழந்தை சிணுங்கியது. மனைவியிடமிருந்து அதை வாங்கித் தட்டிக்கொடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் தோன்றியது.

“ஐயா, அவர் கையில ஒரு குழந்தையைக் குடுங்க” என்றேன்.

ஓவியர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியே நில்லு. ஆடாதே” என்றார்.

குடை பிடித்த வாக்கில் இருந்த கைகள் மறைந்து, குழந்தையை ஏந்திய கைகள் வந்தன. அவை என் கைகள்தான். பட்டைச் சாயம் ஏறிய நகங்களைக்கூட அவர் விடாமல் எழுதினார். முகத்தில் ஒரு கோட்டையும் தொடவில்லை. ஆனால் அடங்கி ஒடுங்கி நின்ற அந்த ஆள் அங்கே இல்லை. அதே கண்கள், அதே குனிவு. ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி வீட்டுப் படம் சாக்கில் சுற்றப்பட்டு ரயிலடிக்குப் போயிற்று.

வீட்டுக்கு வருகிறவர்கள், அந்தக் குழந்தை நீதானா என்று என்னைக் கேட்கிறார்கள். பார்த்து எழுதியது என் மகளைத்தான் என்றாலும், ஆமாம் என்றே சொல்கிறேன். அவர் உயிரோடு இருந்த அந்தக் கொஞ்ச காலத்தில், வேலை முடிந்து வந்து என்னைக் கையில் எடுத்து, இப்படித்தான் குனிந்து பார்த்திருப்பார் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.