அப்துல் சமீயின் மூன்று முகங்கள்

அலெக்ஸாந்திரியா டிராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்துல் சமீக்குக் கடவுள் கொடுத்த முகம் ஒன்று, குணம் வேறு. சும்மா உட்கார்ந்திருந்தால் சாவு வீட்டிலிருந்து வந்தவர் போலிருப்பார். வாயைத் திறந்தால் காப்பிக்கடையே உருண்டு சிரிக்கும்.

கெய்ரோவிலிருந்து வந்த புகைப்படக்காரி ஷஹீரா, அவர் வாயை மூடியிருந்த நேரமாகப் பார்த்துவிட்டாள்.

"மாமா, நான் நிஜ வாழ்க்கையை மட்டும்தான் எடுப்பேன். நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க," என்றாள்.

சொல்லிவிட்டு அவரை எழுப்பிப் பின்சந்தில் இடிந்த சுவரோரம் உட்காரவைத்தாள். மகள் பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாள். கூடவே வந்த டொமினோ ஆட்டக் கூட்டாளிகளைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"சிரிக்கட்டுமா?"

"வேண்டாம் மாமா, இயல்பா இருங்க."

"என் இயல்பே அதுதாம்மா."

"அப்படியே கடலைப் பாருங்க."

கடல் அந்தப் பக்கம் இல்லை, சாக்கடைதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

கண்காட்சியில் படம் சுவரளவு தொங்கியது. கீழே தலைப்பு: 'யாருமற்றவர்'. நாத்தனார்களை அழைத்துக்கொண்டு பெருமையாகப் போன அவர் மனைவி இன்ஷிராஹ், அதைப் படித்துவிட்டு விறுவிறுவென்று வீடு திரும்பினாள். பேச்சு வீட்டில்தான் வந்தது.

"ஹம்தி அப்பா, நீ யாருமத்தவனா? அப்ப இத்தனை வருஷமா உனக்கு மீன் பொரிச்சுப் போட்டது யாரு, ஜின் பூதமா?"

"நான் எழுதலடி. நான் சாக்கடையத்தான் பாத்தேன்."

படம் பத்திரிகையிலும் வந்தது. பள்ளிவாசல் தர்மக் குழு கம்பளி கொண்டுவந்து கொடுத்தது. குவைத்திலிருந்து மகன் ஹம்தி போனில் அழுதான்.

மானத்தை மீட்க இன்ஷிராஹ் அவரைக் கோரென் ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனாள். ஸ்டுடியோக்காரர் கோரென் அவர் தாடையைத் தூக்கினார், தோளை நிமிர்த்தினார், இரவல் கோட்டு மாட்டினார், பிறகு கணினியில் சுருக்கங்களையெல்லாம் துடைத்தெடுத்தார். வந்த படத்தில் ஒரு மந்திரி உட்கார்ந்திருந்தார். இன்ஷிராஹ் அதைக் கூடத்தில் மாட்டினாள். வந்த விருந்தாளி ஒருவர், "உங்க மூத்த மருமகனா?" என்று கேட்டார்.

செய்தி எட்டி, மன்னிப்புக் கேட்க ஷஹீரா வீட்டுக்கே வந்தாள். வந்தவளை நிற்கவைத்துத் திட்டுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. இன்ஷிராஹ் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, திட்டினாள்.

"யாருமத்தவன் தட்டப் பாரு, எத்தன மீனு."

அப்துல் சமீ வாயில் முள்ளோடு சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. மனைவி ஒரு கையால் அவர் தலையில் தட்டி, மறு கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஷஹீரா அப்போது எதையும் நகர்த்தச் சொல்லவில்லை. சட்டென்று ஒரு படம் எடுத்தாள்.

அந்தப் படத்தில் தான் குண்டாகத் தெரிவதாகச் சொல்லி இன்ஷிராஹ் அதைச் சுவரில் ஏற விடவில்லை. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காப்பிக்கடைக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் நீட்டி, "இவளத்தான் யாருமில்லன்னு எழுதிட்டாங்கப்பா," என்கிறார்.