மூன்று மில்லிகிராம் மாமா

உங்கள் வீட்டில் யார் வேப் அடிக்கிறார்கள்?

ஒருவரும் இல்லையா? நல்லது. அப்படியென்றால் பாத்ரூமில் அந்த மாம்பழ வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை யோசியுங்கள். அது சோப் இல்லை, மின்சிகரெட்.

எங்கள் வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. மாமா அடிக்கிறார். அம்மாவின் தம்பி, ரூபன் மாமா. வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டு பேஸ்மன்ட்டில் இருக்கிறார். அவர் வேப் அடிப்பது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை. யூனியன்வில் சித்தியைக் கேட்டால், அவர் இப்போது எத்தனை மில்லிகிராமில் நிற்கிறார் என்று டக்கென்று சொல்லுவார்.

பெருமையாக 'இருந்தது' என்று எழுத வேண்டும். போன வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

மாமா செய்தது ட்றைவோல் வேலை, வீட்டுச் சுவர்களுக்குப் பலகை அடிக்கிறது. பலகை தூக்கித் தூக்கியே முதுகு போய்விட்டது. முதுகெலும்பில் ஒரு தட்டு நசுங்கி நரம்பை நெரிக்கிறது. முதலில் நோவு. பிறகு விறைப்பு. இப்போது இடது பாதம் தரையில் பட்டுவிட்டதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

சேர்ஜன் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னார். ஆணி வைத்து, எலும்பு வைத்து, இரண்டு முள்ளந்தண்டு எலும்புகளை ஒட்ட வைப்போம். உடம்பில் நிக்கோட்டின் இருந்தால் எலும்பு ஒட்டாது. ஆகவே முன்கூட்டியே இரத்தம் எடுத்துப் பார்ப்போம். நிக்கோட்டின் இருந்தால் ஒப்பிரேஷன் இல்லை. அதிகம் பிந்தினால் அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி திரும்பாமலே போகலாம்.

மொழிபெயர்ப்பாளர் நான்தான். நிக்கோட்டின் என்றே சொன்னேன். மாமா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினார். பார்க்கிங்குக்கு வந்ததும் அம்மா போனை எடுத்துச் சித்தியிடம் சொன்னது இதுதான்:

"டொக்டர் சிகரெட்டை விடட்டாம்."

முடிந்தது. எங்கள் ஆட்களுக்குக் கூடாத சாமான் என்றால் அது சிகரெட். நிக்கோட்டின் யார் வீட்டுப் பிள்ளை?

சிகரெட்டுக்குப் பதிலாக முதலில் விரல் நீளத்தில் ஒரு குட்டி வேப் வாங்கினோம். அதில் ஊற்றுகிற திரவத்தில் மில்லிலீட்டருக்கு இருபது மில்லிகிராம் நிக்கோட்டின் — இங்கே கடையில் விற்கக்கூடிய உச்சம். மாமாவுக்கு அது பிடிபடவே இல்லை. "உது நுளம்பு ஊதின மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார். ஒரு கிழமைக்குள் கராஜுக்குப் பின்னால் சிகரெட்டும் கையுமாக அம்மாவிடம் பிடிபட்டார்.

அதனால்தான் லோரன்ஸ் ஈஸ்ட்டில், கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்துக் கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவன் டாங்க் என்று ஒரு பெரிய வேப் காட்டினான். தடித்த கண்ணாடி, உள்ளே திரவத்தைச் சூடாக்கப் பெரிய கொயில், காற்றைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு வளையம். ஒரு இழுவை இழுத்ததும் மாமாவின் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே... பழைய சிநேகிதனை ஏர்போர்ட்டில் கண்ட மாதிரி.

இதற்குள் ஆறு மில்லிகிராம்தான் ஊற்ற வேண்டும், இருபதை ஊற்றிவிடாதீர்கள் என்றான் கடைக்காரன். மாமா ஓம் ஓம் என்றார். வீட்டுக்கு வந்து என்ன செய்தார்? பழைய இருபது போத்தலில் பாதி மிச்சம். அதை அப்படியே புது டாங்க்குக்குள் கவிழ்த்தார். வாங்கினதை ஒரு மனிசன் எறிவானா?

கராஜிலிருந்து கூப்பிட்ட சத்தம் கேட்டு நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடிப்போனபோது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல். நெற்றியெல்லாம் குளிர் வேர்வை. அடுத்த நிமிஷம் குடல் வெளியே வருகிற மாதிரி ஸ்நோவில் சத்தி. பின்னால் வந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "என்னடா திண்டனீ?"

அதோடு இருபது குப்பைக்குப் போனது. ஆறு வந்தது. மாமா சிகரெட்டைத் தொடவில்லை. இருமல் நின்றது. தையில் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கினார். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார். வட்ஸ்அப் குறூப்பில் "ரூபன் 3!" என்று சித்தி போட, கைதட்டல்கள் குவிந்தன. இறங்க இறங்க எங்கள் ஆட்கள் கொண்டாடுகிற நம்பர்கள் இரண்டுதான்: பிள்ளையின் ராங்க், பெரியாட்களின் சுகர். மாமா மூன்றாவதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

டெஸ்டுக்கு முன் பூச்சியத்துக்குப் போக வேண்டும் என்று ஒருநாள் ஞாபகப்படுத்தினேன். "மூண்டெல்லாம் ஒரு நம்பரோ?" என்று சிரித்தார் மாமா. சரிதானே என்று எனக்கும் பட்டது. இருபதிலிருந்து மூன்று — எண்பத்தைந்து வீதம் குறைவு. நான் படித்தது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். சிரிக்காதீர்கள்.

எல்லாரும் லேபிளைப் பார்த்தோம். டாங்க்கை யாராவது பார்த்தோமா?

குட்டி வேப் காலத்தில் பெருவிரல் அளவுப் போத்தல் ஒன்று கிழமைக்கணக்கில் கிடக்கும். இப்போது வந்துகொண்டிருந்தது ஷாம்பூ போத்தல் சைஸ். அதுவும் சீக்கிரமே காலியாகும். மாமா பல் விளக்கும்போது டாங்க். ஹொக்கி பார்க்கும்போது டாங்க். போர்வைக்குள்ளும் டாங்க். பேஸ்மன்ட்டுக்கு இறங்கினால் விமானம் தரையிறங்க முடியாத பனிமூட்டம். மூளைக்கு லேபிள் வாசிக்கத் தெரியாது. தனக்கு வேண்டியது வந்து சேரும்வரைக்கும் இழு இழு என்று சொல்லும். குட்டி வேப் கரண்டியால் கொடுத்ததை இந்த டாங்க் வாளியால் அள்ளிக் கொடுத்தது... நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ஒப்பிரேஷனுக்குத் திகதி வந்தது, மாமா இரத்தமும் கொடுத்துவிட்டு வந்தார். வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் கோல் எடுத்தார். மாமா சமையலறையில் நின்றபடியே புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதிரையில் இருந்தால் எழும்ப ஆள் வேண்டும். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

இரத்தத்தில் நிக்கோட்டின் அளவு தினமும் சிகரெட் பிடிக்கிற ஆளுடையது மாதிரி இருக்கிறது என்றார் நேர்ஸ். ஒப்பிரேஷன் திகதியை இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். முற்றாக நிறுத்தி, மறுபடி டெஸ்டில் தேறினால், மறுபடி வரிசையில் நிற்கலாம். பாதியிலேயே நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"நிக்கோட்டின் கிடக்காம், மாமா."

"மூண்டுதானே எண்டு சொல்லு."

சொன்னேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நேர்ஸ் கேட்டார். மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுப்படியில் நின்ற அம்மா, கையில் அகப்பையோடு, மெதுவாக என் காதில்: "பக்கத்து வீட்டுக்காரன் பத்துறவன், அந்தப் புகை இஞ்சால வாறது எண்டு சொல்லன்."

வெட்கத்தை விட்டு அதையும் சொன்னேன். அப்படி வருகிற அளவு இது இல்லை என்றார் நேர்ஸ். கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாங்களும் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

போனை வைத்த பிறகுதான் மாமா கேட்டார்.

"சிகரெட் ஒண்டுகூடப் பத்தேல்லை. அதையாவது சொன்னனியோ?"

சொல்லியிருக்கவில்லை. "ஓம் மாமா, நல்ல விஷயமாம்" என்றேன். மாமா புட்டுக் கோப்பையை சிங்க்குக்குள் வைத்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

இதை மாமாவின் கதை என்று மட்டும் நினைத்து வாசிக்காதீர்கள். உங்கள் வீட்டில் சலரோகக்காரர் இருப்பார். தேத்தண்ணிக்கு அரைக்கரண்டிதான் சீனி என்பார். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளை அரிசி கூடாது என்று சிவப்பரிசிச் சோற்றை மலை மாதிரிக் குவிக்கிற அங்கிள் இல்லாத தமிழ் வீடு ரூஜ் பக்கத்தில் உண்டா? நம்பரைக் குறைக்கச் சொன்னால் குறைப்போம். அளவு என்று ஒன்று இருப்பது மட்டும் கண்ணில் படாது. ஏனென்றால் நம்பரைப் பத்துப்பேருக்குச் சொல்லலாம். அளவைச் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை மாமா டாங்க்கில் நிக்கோட்டினே இல்லாத பூச்சியம் ஊற்றினார். அம்மாவோடு, டிவியோடு, ஹீட்டரோடு சண்டை. கொதித்தண்ணியின் ஆவியைக் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை டாங்க்கைக் கழுவித் துடைத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கடைக்குப் போய்வருகிறேன் என்று வெளியே போனார். என்ன வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. குறூப்பிலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

புதிய திகதி? ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்?

இன்னும் எழுத இருந்தது. ஜன்னலால் பார்த்துவிட்டேன், நிறுத்துகிறேன். மாமாவின் இடது கால் செருப்பு பின்கதவுப் படியில் கழன்று கிடக்கிறது. மாமா கராஜ் வாசலில், இடது வெறுங்கால் ஸ்நோவில் புதைந்திருப்பது தெரியாமல் நிற்கிறார்.