டோப்பாவும் ஒரு எதுகையும்

தெருமுனை சலூன்காரருக்கு 'எதுகை' என்று பட்டப்பெயர். யாராவது ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அதை இரண்டாக உடைத்துத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அவருக்கு நாக்கு அரிக்கும். "விலைவாசி ஏறிப்போச்சே" என்று வாடிக்கைக்காரர் புலம்பினால், சுவரில் தொங்கும் கட்டணப் பலகையைக் காட்டி, "விலை... வாசி!" என்பார். யாராவது "அவசரம்" என்றால் "சவரம்" என்பார். அது சரியாகப் பொருந்தவில்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் விடமாட்டார். பெரிய புலவன் என்று நினைப்பு, வேறென்ன!

இன்னொன்றும் உண்டு. ஊருக்கெல்லாம் முடி வெட்டும் அந்த மனுஷர் தலையில் இருந்தது டோப்பா. சொட்டைத் தலையனிடம் யார் வந்து தலையைக் கொடுப்பார்கள் என்ற பயம். விஷயம் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

போன மாதம் மனைவியின் அண்ணன் கடைக்கு வந்தார். நல்ல கூட்டம்.

"ரொம்ப நேரம் உக்கார முடியாது மாப்பிள்ளை" என்றார்.

வாய் சும்மா இருந்ததா? "முடி ஏது மச்சான்?"

கடையே சிரித்தது. மச்சான் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அன்றிலிருந்து மனைவியும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு டொக்கென்று மேசையில் விழும், அவ்வளவுதான். டோப்பாவை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வழுக்கையைப் பார்த்துச் சிரித்த தன்னைக் கண்ணாடியில் பார்க்க எதுகைக்கே அசிங்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போனார். இனி ஒரு சொல்லையும் உடைப்பதில்லை என்று வழியெல்லாம் சபதம்.

"தப்புதான் மச்சான், மன்னிச்சிடுங்க."

"அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்களே! மறக்க முடியாது."

முடியாது! தொண்டைவரை வந்ததை எச்சிலோடு விழுங்கினார். புரையேறிக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பேசினால் வம்பு, பேசாவிட்டால் எழுந்து போகவேண்டியதுதான். சட்டென்று டோப்பாவைக் கழற்றி மச்சான் மடியில் வைத்தார். உள்ளே இருந்தது மச்சானுடையதைவிடப் பளபளப்பு.



"ஐயய்யோ, எடுத்து மாட்டுங்க! பாக்க முடியாது!" என்று மனைவி கத்தினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

எதுகை உதட்டை இறுகக் கடித்துக்கொண்டார். சபதம் சபதம்தான்.

மச்சான் அந்த டோப்பாவை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் மண்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"பாக்க... முடி ஏது தங்கச்சி?" என்றார்.