அன்னபுஷ்பத்தின் நீலக்கோட்டு

மண்ணூரைச் சேர்ந்த அன்னபுஷ்பம், செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரகடம் சாலையோரம் இன்னும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று உள்ளே நுழைந்திருந்தால் இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருக்கும். கிடாவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்னபுஷ்பம் மட்டும் அதே ரோஸ் கோட்டில், அதே லைனில், செல்போனுக்குக் கேமரா பொருத்திக்கொண்டிருந்தாள். புதிதாக வரும் பையன்களுக்கு வேலை பழக்கியது அவள்தான். பழகியவன் கொஞ்ச நாளிலேயே சூப்பர்வைசரின் நீலக்கோட்டை மாட்டிக்கொண்டு, "இன்னாக்கா, கை ஸ்லோவா கீது?" என்று அவளையே அதட்டுவான். இப்போதைய நீலக்கோட்டு பிரசன்னா. லைன் பெண்கள் அத்தனை பேருக்கும் கழிவறைக்குப் போக ஒரே பாஸ் அட்டை. அதைத் தாலிபோலக் கழுத்தில் கட்டிக் காத்துவந்தான்.

ஞாயிறு பூசையில் மாதாவின் நீல அங்கியைப் பார்த்தால்கூட அன்னபுஷ்பத்துக்குச் சூப்பர்வைசர் கோட்டுதான் ஞாபகம் வரும். அவளுடைய ஒரே வேண்டுதல் அது.

மாதா கேட்டாளோ இல்லையோ, வெளிநாடு கேட்டது. பெண்கள் அதிகாரத்தில் இருக்கிறார்களா என்று பார்க்க, போன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பியது. உடனே ஹெச்.ஆர். ரகுபதிக்குப் பெண்கள்மேல் பக்தி பொங்கிவிட்டது. பிரசன்னாவின் கோட்டையும் அட்டையையும் கழற்றி அவளுக்கு மாட்டினார்.

"சிரிச்சிக்கினே நில்லு. வாயத் தொறக்காத. அவங்க போனதும் குடுத்துடு."

"நல்லா பாத்துக்கினா எனக்கே குடுப்பீங்களா சார்?"

"பாக்கலாம், பாக்கலாம்."

எத்தனை பாக்கலாமைப் பார்த்தவள் அவள்! ரகுபதி வாசலுக்குப் போனதும் லைன் பக்கம் திரும்பினாள். "போறவங்கல்லாம் போய்ட்டு வாங்கடி. அட்டல்லாம் வேணாம், நான் சொல்றேன்."

பெண்கள் எழுந்து ஓடிய வேகத்தில் பூந்தமல்லி வரைக்கும் புழுதி பறந்ததாக மண்ணூரில் இன்றும் சொல்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கார அம்மாள் உள்ளே வந்தாள். காலியான லைனைப் பார்த்து, எல்லோரும் எங்கே என்று கேட்டாள். ரகுபதிக்கு ஏசியிலும் வேர்த்தது. அன்னபுஷ்பம் வாயைத் திறந்தாள்.

"டாய்லெட், மேடம். மை பெர்மிஷன்."

"வொண்டர்ஃபுல்!" அம்மாள் அன்னபுஷ்பத்தின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். இதற்குத் தலைமைப் பண்பு என்று பெயராம். ஒன்றுக்குப் போக விடுவது தலைமைப் பண்பு! அதைக் கண்டுபிடிக்க ஏழு கடல் தாண்டி விமானத்தில் வந்திருக்கிறார்கள்.

விருந்தாளியின் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் கோட்டும் அட்டையும் பிரசன்னாவிடம் திரும்பிவிட்டன. ஆனால் அந்தப் படம் ஆளுயரத்துக்குப் பெரிதாகி, கண்ணாடி போட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. லைன் சுவரிலேயே மாட்ட வேண்டும் என்று உத்தரவு. மேலே நீலக்கோட்டு அன்னபுஷ்பம் சிரித்தாள். கீழே ரோஸ் கோட்டு அன்னபுஷ்பம் கேமரா பொருத்தினாள்.

படம் மாட்டிய மறுநாள், தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வேல்விழி எழுந்து நடந்தாள்.

"ஏய், பாஸ் இல்லாம எங்க போற?" என்றான் பிரசன்னா.

"சூப்பர்வைசர்ட்ட கேட்டாச்சு சார்."

"எந்த சூப்பர்வைசரு?"

வேல்விழி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டாள். "அன்னைக்குப் போகச் சொன்னாவல்லா? வேண்டாம்னு இன்னும் சொல்லலியே."

பிரசன்னா, லைனைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ரகுபதியைப் பார்த்தான். படத்தைக் கழற்றினால் வெளிநாடு கேட்கும். ரகுபதி கூரையைப் பார்த்தார்.

அன்னபுஷ்பம் தலை நிமிரவில்லை. "மேல கீறவ சொல்ட்டா இல்ல? போய்ட்டு வா கண்ணு."