முப்பத்தெட்டு வயதில் பள்ளி முடித்த அக்கா: மாண்ட்ரியலில் ஒரு மாலை

2008 ஜூனில் மாண்ட்ரியலுக்கு ஊர் சுற்றத்தான் போனேன் என்றால் அது பாதிப் பொய். டொரொண்டோ அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை ஜெயந்தன், யாழ்ப்பாணத்துக்காரர். "அக்கா பள்ளிக்கூடம் முடிக்கிறா. எனக்கு லீவு கிடைக்கேல்லை. எனக்காக ஒருக்கால் போட்டு வாறியளோ?" என்று கேட்டார். சென்னையிலிருந்து வந்து எட்டு மாதமாகியும் மாண்ட்ரியலைப் பார்த்ததில்லை. உடனே சரி என்றேன்.

தூரம் 540 கிலோமீட்டர். காலை எட்டு மணிப் பேருந்து மூன்று மணிக்குக் கொண்டுபோய் விட்டது. மெட்ரோ டிக்கெட் 2.75 டாலர். ஆரஞ்சுத் தடத்தில் லவால் போகும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். நான் எதிர்த்திசையில் போய்த் திரும்பினேன். அக்கா வீடு இருந்த வில்லரே பகுதியில் இறங்கி விசாரித்தபோது, மளிகைக் கடைக்காரர் வெளியே வந்து வழி காட்டினார்.

சௌந்தரி அக்கா தேநீர் கொடுத்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். பதினைந்து வயதில் அகதியாக வந்தவரைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். பத்தாம் வகுப்போடு நின்று தையல் ஆலைக்குப் போனார். இப்போது ஒரு குழந்தைக் காப்பகத்தில் துப்புரவு வேலை. அங்கேயே ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. அந்தப் படிப்பில் சேரப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக ஆறு வருடம் மாலை வகுப்பு.

"பிரெஞ்சில மூண்டு தரம் பெயில் விட்டனான். இண்டைக்கு வகுப்பின்ர சார்பில நான்தான் கதைக்கவேணும்," என்றார். மகள் ஷரோன் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். வீட்டில் அவள் தமிழ் பேசவே மாட்டாளாம்.

பட்டமளிப்பு விழா, மாலை வகுப்புப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில். அங்கி அணிந்து வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். நரைத்த தலையோடு ஒரு ஹெய்ட்டிக்காரர், நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, கழுத்தெல்லாம் பச்சை குத்திய இளைஞன். எல்லோருமே ஒரு காலத்தில் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். இந்த நகரத்தில் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு ஓய்வதே இல்லை. திரும்பி வந்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிவாங்கி முன் நின்றவர் வாயே திறக்கவில்லை. கூடம் அமைதியானது. ஷரோன் எழுந்து, "அம்மா, கதையுங்கோ!" என்று தமிழில் கத்தினாள்.

அக்கா எழுதி வைத்திருந்த தாளை மடித்தார். மெதுவாக, யாழ்ப்பாண ஓசை மாறாத பிரெஞ்சில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்த ஹெய்ட்டிக்காரர் கண்ணைத் துடைத்தபடி முதலில் எழுந்தார். பிறகு கூடமே எழுந்து கைதட்டியது.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன்: "என்னக்கா, பயந்துட்டீங்களா?"

"இல்லைத் தம்பி. ஞானசௌந்தரி எண்டு முழுப் பேரையும் பிழையில்லாமல் கூப்பிட்டவை. முந்தி இங்க நான் படிச்ச பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. அதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு நிண்டனான்."



மாண்ட்ரியலுக்கு இரண்டு நாள் தாராளம். "போன்ஜூர்", "மெர்சி" இரண்டும் தெரிந்தால் சமாளித்துவிடலாம். ஜூனில் போகிறவர்களை யாராவது இப்படியொரு பட்டமளிப்புக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஊர் சுற்றுகிறவர்கள் பார்க்கப் போகும் மலையும் தேவாலயமும் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும்.