இடைவெளிக்குள் சைபர்

என் கைப்பையில் ஒரு ரப்பர்த் துண்டு இருக்கிறது. கையுறையிலிருந்து வெட்டியது, நடுவில் ஒடுங்கியது. வெடிப்பு விட்டுவிட்டது, இப்போது இழுத்தால் அறுந்துவிடும். போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்தில் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

முன்பு மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் நானும் ஓர் அக்காவும் வேலை பார்த்தோம். இப்படிப்பட்ட துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கின என்று குறிப்போம். ஒரு நாள் காலை மேலாளர் வந்தார். இரண்டு உற்பத்தி வரிசைகளில், ரப்பர்த் தோட்டத்து பஸ்ஸில் வரும் பெண்களின் வரிசைக்குச் சராசரி சற்றே குறைந்திருந்தது. அவர்களை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு அறிக்கை கேட்டார். அக்கா கொடுக்கவில்லை.

“கம்மிதான் சார். ஆனா ஒரே லைன்லயே துண்டுக்குத் துண்டு எவ்ளோ ஏறி எறங்குது பாருங்க. ரெண்டு லைனும் ஒன்னா இருந்தாக்கூட இந்தளவு வித்தியாசம் சும்மாவே வரும் லா.”

“நீயும் அந்த பஸ்லதான வர்ற. அதான் வாய் நீளுது.”

“எந்த பஸ்ல வந்தா என்ன? இன்னும் நெறய இழுத்துப் பாப்போம்.”

இரண்டு வரிசையிலிருந்தும் நல்லது கெட்டது பாராமல் எடுத்து, நாள் முழுக்க இழுத்தோம். உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று அக்கா போட்ட நம்பிக்கை இடைவெளி முன்னைவிடச் சுருங்கியது. சைபர், அதாவது வித்தியாசமே இல்லை என்பது, அப்போதும் அதற்குள்ளேயே இருந்தது. இரண்டும் சமம் என்று அவர் சொல்லவில்லை. குறைவு என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார். பெண்களின் வேலை தப்பியது. அக்காவைத்தான் பொட்டலப் பிரிவுக்கு மாற்றினார்கள். “போவட்டும், அங்க ஏர்கோன் இருக்கு,” என்று சிரித்தார். இழுக்காமல் மிஞ்சிய ஒரு துண்டை நான் எடுத்துவைத்துக்கொண்டேன்.

போன வாரம் மகளின் ஆசிரியை சொன்னார்: என் மகளைப் போல் தமிழ்த் தொடக்கப்பள்ளியிலிருந்து வந்தவர்களின் கணக்குச் சராசரி மற்றவர்களைவிடக் குறைவாம்; அதனால் மகள் ‘கூடுதல் கணிதம்’ என்ற பாடத்தை எடுக்க வேண்டாமாம். “பிள்ளைக்குத்தான்மா சிரமம்.”

நான் கேட்டேன். “மொத்தம் எத்தனை பிள்ளைங்க டீச்சர்? அவங்களுக்குள்ளயே மார்க் எவ்ளோ ஏறி எறங்குது? இடைவெளி போட்டுப் பாத்தீங்களா?”

அவர் சராசரிப் பட்டியலையே மறுபடி காட்டினார். சரி, போட்டுத்தான் பார்க்கட்டும். சைபர் வெளியே நிற்கட்டும், வித்தியாசம் உண்மை என்றே வரட்டும். அது இரண்டு கூட்டங்களின் சராசரி. என் மகள் சராசரி இல்லை.

“அவ மார்க்க எடுத்து வைங்க டீச்சர். அதப் பத்திப் பேசலாம்.”

ஆசிரியை கோப்பு எடுக்க எழுந்து போனார். எனக்குப் பின்னால் மற்ற பெற்றோர் காத்திருந்தார்கள். பைக்குள் விரல்கள் துண்டைப் பிடித்திருந்தன. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.