குஞ்சத்தைத் தொட்டவள்

வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம். மாதம் ஒரு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். நற்செய்தி வாசித்து, அதைப் பற்றிப் பேசி, செபமாலை சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைவோம். யார் வீட்டில் கூட்டமோ அவர்தான் அன்று சிந்தனை சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, பங்குக் கோயிலிலிருந்து கொடுத்த வாசகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டது. பல ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண், கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொட்ட பகுதி அது.

எனக்கும் அப்போது அதே தொல்லை. கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்கில் போக்கு நிற்கவில்லை. வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிவிடும். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், அதற்கு முன் இரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஞாயிறு பூசைக்குப் போவதை விடவில்லை. ஆனால் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். எந்தச் சாமியாரும் அப்படி இருக்கச் சொன்னதில்லை. அந்த நாட்களில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எப்படியோ எனக்குள் ஊறிப்போயிருந்தது.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் எழுமலைப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். பைபிள் படிப்பதற்கென்றே சில வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர். வாசகம் கைக்கு வந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னேன்.

"இந்த வாசகத்த என்னால பேச முடியாது சிஸ்டர். வேற யாரையாச்சும் பேசச் சொல்லிருறேன்."

"ஏன் டீச்சர்?"

காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. "யூதச் சட்டம் அந்தப் பொம்பளைய அம்புட்டுக் கொடுமைப்படுத்துச்சு, ஆண்டவர் அத ஒடச்சாருன்னுதான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அப்படிப் பேச வாய் வரல."

சிஸ்டர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். "அப்படிப் பேச வேணாம். அது சரியுமில்ல. ஆண்டவரே யூதர்தானே? அவ எதத் தொட்டான்னு யோசிச்சீங்களா?"

"ஆடையோட ஓரத்த."

"ஓரத்துல என்ன இருந்துச்சு? குஞ்சம். நாலு மூலையிலயும் குஞ்சம் கட்டணும், அதப் பாக்கும்போதெல்லாம் கடவுளோட கட்டளை ஞாபகம் வரணும்னு மோசேயோட சட்டம் சொல்லுது. ஆண்டவர் அந்தச் சட்டப்படி குஞ்சம் கட்டியிருந்தாரு. அதத்தான் அவ பிடிச்சா."

அவர் மேலும் சொன்னார். போக்கு இருக்கிறவர்களை ஒதுங்கச் சொன்ன சட்டம், அதைப் பாவம் என்று சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கும், இறந்தவரைத் தொட்டு அடக்கம் செய்தவனுக்கும்கூட அப்படி ஒதுங்கும் காலம் உண்டு. நீதியின் கதிரவன் எழும், அதன் சிறகுகளில் நலம் இருக்கும் என்று ஓர் இறைவாக்கினர் சொல்லியிருக்கிறார். எபிரேய மொழியில் சிறகுக்கும் ஆடையின் மூலைக்கும் ஒரே சொல். அந்தப் பெண் அதை அறிந்தவளாக இருந்திருக்கலாம் என்றார் சிஸ்டர். அவளை ஒதுங்கச் சொன்ன அதே சட்டம்தான் பிடித்துக்கொள்ள ஒரு குஞ்சத்தையும் கொடுத்திருந்தது. நானே பேசுவதென்று முடிவு செய்தேன்.

கூட்டத்தன்று எங்கள் ஹால் நிறைந்துவிட்டது. சிஸ்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "அவள் இரகசியமாகத் தொட்டுவிட்டுப் போகவே நினைத்தாள். ஆண்டவர்தான் நின்று, தொட்டது யார் என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் அவளைப் பேச வைத்து, மகளே என்று கூப்பிட்டார். அவள் குணமானது ஊருக்குத் தெரிந்தால்தானே பழையபடி எல்லோரோடும் சேர முடியும்?" என்று சொல்லி முடிக்க நினைத்தேன். முடிக்க முடியவில்லை. "எனக்கும் அந்த வியாதிதான் இருக்கு," என்று வாயில் வந்துவிட்டது. ஆபரேஷன், இரத்தம் ஏற்றுவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பியத்தின் தலைவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அண்ணன். எந்தக் கூட்டத்திலும் நீளமாகப் பேசுகிறவர். அன்று இரண்டே கேள்விதான் கேட்டார்.

"ஆபரேஷன் என்னைக்கும்மா? ரத்தம் யாரு குடுக்குறா?"

"ரத்தத்துக்கு ஆள் அமைஞ்சாத்தாண்ணே. இன்னும் யாரும் அமையல."

"சரி, நான் பாத்துக்குறேன்."

அவருடைய வயதுக்கு இரத்தம் எடுக்க மாட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போய்க் கேட்டார். நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று காலையில் அவருடைய மருமகனும், அடுத்த தெரு வாத்தியார் ஒருவரும் வந்து நின்றார்கள். கூடவே எங்கள் எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் மூத்த மகன். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அண்ணன் அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

"கடைய யாரு பாக்குறா தம்பி?" என்று கேட்டேன்.

"அத்தா பாத்துக்குறாங்கக்கா. நீங்க பயப்படாதீங்க, வீட்ல எல்லாரும் உங்களுக்காக துஆ செய்றாங்க."

மாலையில் இரத்தம் ஏற்றினார்கள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அவர்கள் கொடுத்த இரத்தமே எனக்கு ஏறும் என்றில்லை, அதற்கு ஈடாக என் வகை இரத்தம் வேறு பாட்டிலில் வரும் என்று நர்ஸ் சொன்னார். என் வரையில் அது அவர்கள் கொடுத்ததுதான். உள்ளங்கையில் சூடு திரும்பியதை அன்று உணர்ந்தேன். இத்தனை பேர் இருக்கிற தெருவில் அத்தனை மாதம் தனியாக இருந்துவிட்டோமே என்று நினைத்தபோது வருத்தத்தைவிட நன்றிதான் பொங்கியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெடுதல் ஏதும் இல்லை என்று சோதனையில் தெரிந்தது. ஓய்வு முடிந்து பூசைக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் போய் நற்கருணை வாங்கினேன். உடம்பு சரியான பிறகு வாங்கியதில் என்ன இருக்கிறது, அப்போதே வாங்கியிருக்கலாமே என்று சிஸ்டர் செல்லமாகக் கடிந்துகொண்டார். உண்மைதான்.

அடுத்த வாரம் சாயங்காலம் அண்ணனின் மனைவி வீட்டுக்கு வந்தார். சமையலறை வரைக்கும் வந்து, மெதுவாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, உங்க டாக்டரு எந்தக் கிழமை இருப்பாங்க? எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கு. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லக் கூச்சமா இருக்கு."

"நாளைக்கே இருப்பாங்க மதினி. நானும் கூட வாரேன்."

மறுநாள் பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.